செவில்யா: பிற்பகலில் நடந்து திரும்பக்கூடிய அறை

செவில்யாவுக்குப் போகிறவர்கள் எங்கே அறை எடுக்கலாம் என்று கேட்டால், எந்த மாதத்தில் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவின் தலைநகரம் அது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே ஒரு நாள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. காலை எட்டரை மணியிலிருந்து பகல் ஒன்றரை வரை ஒரு பாதி. இரவு எட்டரைக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நீளும் இன்னொரு பாதி. இடைப்பட்ட நேரத்தில் சிறு கடைகள் கதவடைத்துவிடும். வீதியில் நடமாடுபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களாகவே இருப்பார்கள். ஆகவே, பிற்பகலில் இருபது நிமிட நடையில் திரும்பி, குளித்து, படுத்தெழுந்து, பொழுது சாயும்போது மறுபடியும் கிளம்ப வசதியான இடத்தில் அறை அமைய வேண்டும் என்பதே என் அளவுகோல். நீச்சல் குளம், மொட்டைமாடியிலிருந்து தெரியும் கோபுரம், இலவசக் காலை உணவு போன்றவற்றை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெயில் நமக்கென்ன புதிதா என்று தோன்றும். ஆனால் அங்கே வெயிலின் மணிக்கணக்கே வேறு. ஸ்பெயின் புவியியல்படி கிரீன்விச்சுக்கு மேற்கே பெரும்பகுதி கிடந்தாலும், 1940 முதல் ஜெர்மனியின் கடிகாரத்தையே பின்பற்றி வருகிறது. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். விளைவாக, சென்னையில் பகல் பன்னிரண்டைச் சற்றே தாண்டியதும் உச்சிக்கு வந்துவிடும் சூரியன், செவில்யாவில் ஜூலை மாதம் கடிகாரம் இரண்டரை காட்டும்போதுதான் உச்சிக்கு வருகிறது. அன்றைய வெப்பத்தின் உச்சம் மாலை ஐந்து, ஆறு மணியளவில் அமைகிறது. ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் மதிய உணவை இரண்டரைக்கும் இரவு உணவைப் பத்துக்கும் உண்பதைச் சோம்பல் என்று எழுதுகிற பயணக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சூரியனைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு அது வறண்ட வெப்பம். வியர்வை தெரியாமலே ஆவியாகிவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவது தலை கிறுகிறுக்கும்வரை தெரிவதில்லை. ஜூலையில் சராசரி உச்ச வெப்பமே 36 பாகையை ஒட்டி இருக்கும். 45ஐத் தாண்டிய நாள்களும் உண்டு. புயல்களுக்குப் பெயர் வைப்பது போல வெப்ப அலைகளுக்குப் பெயர் வைக்கும் திட்டத்தை 2022இல் தொடங்கிய ஊர் இது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த அலைக்கு ‘ஸோயே’ என்று பெயரிட்டார்கள்.

வீடுகளும் இந்த வெயிலை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. பழைய வீட்டின் வாசலைத் தாண்டினால் ஓடு பதித்த ஓர் இடைகழி, அதற்கப்பால் இரும்புக் கம்பிக் கதவு, அதற்கும் அப்பால் முற்றம். முற்றத்தைச் சுற்றியே அறைகள். வீதிப் பக்கத்துச் சன்னல்கள் சிறியவை. எங்களுக்கு அறை தந்த மூதாட்டி சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் சன்னலோரம் அழைத்துப்போய், பெர்சியானா என்கிற சுருட்டுத் தட்டியின் நாடாவை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். காலை பத்து மணிக்குள் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும், கண்ணாடியையும் சாத்திவிட வேண்டும், இரவு பத்துக்கு மேல் இரண்டையும் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். தட்டியை முழுக்க இறக்காமல் கடைசிப் பலகைகளுக்கிடையே ஊசி நுழையும் அளவு இடைவெளி விட்டால், அந்த வரிசைத் துளைகளின் வழியே அறைக்குள் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும். படிக்கப் போதாது, நடமாடப் போதும். காற்றுவேண்டிச் சன்னலைத் திறந்து வைக்கிற பழக்கத்தை அங்கே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். அறையைப் பதிவு செய்யும்போது குளிரூட்டி இருக்கிறதா என்று கேட்பதோடு, சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, மேல்தளமா கீழ்த்தளமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த மேல்தள அறை மலிவாகக் கிடைத்தால், அது மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

தலைநகர் மத்ரீத்திலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஸ்பெயினின் முதல் அதிவேகப் பாதையே இதுதான்; 1992ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகச் செவில்யாவுக்குப் போட்டது. சாந்தா ஹுஸ்தா நிலையத்தில் இறங்கினால் பழைய நகரம் நடக்கும் தூரம்தான், பெட்டி மட்டும் கனமாக இருக்கக் கூடாது. குவாதல்கிவீர் ஆறு நகரின் மேற்கோரமாக ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே தேவாலயம், அரண்மனை, கடைவீதிகள் எல்லாம் அடங்கிய பழைய நகரம்; மேற்குக் கரையில் த்ரியானா. தங்குவதற்கான கேள்வியும் பெரும்பாலும் இந்தக் கரையா அந்தக் கரையா என்பதில்தான் முடிகிறது.

முதல்முறை போகிறவர்களை எல்லாரும் சாந்தா க்ரூஸுக்கே அனுப்புகிறார்கள். தேவாலயத்துக்கும் அரண்மனை மதிலுக்கும் ஒட்டினாற்போல் பின்னிக் கிடக்கும் சந்துகள். இரண்டு கைகளையும் நீட்டினால் இருபுறச் சுவரையும் தொட்டுவிடக்கூடிய அகலம். அதனாலேயே நாள் முழுதும் நிழல். 1248இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பிறகு யூதர்களின் குடியிருப்பாக இருந்த பகுதி இதற்குள் அடங்கும். 1391 ஜூனில், மதகுரு ஒருவரின் தொடர்ச்சியான வெறுப்புப் பிரசங்கங்களுக்குப் பின்னால் இங்கே மூண்ட படுகொலை ஸ்பெயினின் பிற நகரங்களுக்கும் பரவியது. யூதர்களின் தொழுகைக் கூடங்கள் தேவாலயங்களாயின. இன்று பூந்தொட்டிகளும் வெள்ளைச் சுவர்களுமாகக் காணும் அழகில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயணிகளை மனத்தில் வைத்துச் சீர்படுத்தப்பட்டது. சாந்தா க்ரூஸை மாலை ஏழு மணிக்கு மேல் நடந்து பார்ப்பது இன்பம். அங்கே தங்குவதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். டாக்ஸி உள்ளே வராது. கல் பாவிய சந்தில் சக்கரப் பெட்டிகள் இழுபடும் சத்தம் அதிகாலையிலேயே தொடங்கிவிடும். முட்டையும் பாலும் வாங்க ஒரு சாதாரணக் கடையைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். ஊர்க்காரர்கள் அங்கிருந்து பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள்.

வெளியேற்றம் என்பது அங்கே இன்று கொதிநிலையில் இருக்கும் அரசியல். குடியிருப்பு வீடுகள் பயணிகளுக்கான வாடகை வீடுகளாக மாறிக்கொண்டே போனதால், 2024இல் மாநகராட்சி புதிய உரிமங்களுக்கு வரம்பு கொண்டுவந்ததோடு, உரிமம் இல்லாமல் நடத்தும் வீடுகளின் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது வரை போனது. ஆகவே தனிவீடு எடுப்பவர்கள் விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. சிறிய விடுதி கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். முற்றம் வைத்த பழைய வீடுகள் பல இன்று பத்துப் பதினைந்து அறைகள் கொண்ட குடும்ப விடுதிகளாக நடக்கின்றன. பெட்டியை வைத்துப் போகவும், பிற்பகலில் முற்றத்து நிழலில் உட்காரவும் அவற்றில் இடம் இருக்கும்.

எருதுச்சண்டை அரங்கம் இருக்கும் அரெனால் பகுதி ஆற்றங்கரைக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் இருக்கிறது. வசதியானது, விலை அதிகம், சொல்ல வேறொன்றும் இல்லை. கிழக்கே நெர்வியோன் அலுவலகங்களும் கால்பந்து அரங்கமும் பெரிய அங்காடிகளும் கொண்ட புதிய பகுதி; அறை பெரிதாகவும் வாடகை குறைவாகவும் இருக்கும். ஆனால் பிற்பகலில் அங்கே நடந்து திரும்புவதென்றால் நிழலற்ற அகலச் சாலைகளைத்தான் கடக்க வேண்டும்.

வடக்கே அலமேதா தே எர்குலெஸ் என்ற நீண்ட திடலைச் சுற்றியுள்ள பகுதி இளைஞர்களுக்கும், இரவில் நேரம் கழித்து உறங்குபவர்களுக்கும் ஏற்றது. சதுப்பு நிலத்தை வடியவைத்து 1574இல் மரங்கள் நட்டு மக்கள் உலாவுவதற்கென்றே அமைத்த திடல் அது. ஐரோப்பாவின் மிகப் பழைய பொதுப் பூங்காக்களில் ஒன்று. தென்முனையில் நிற்கும் இரண்டு ரோமானியத் தூண்களின் உச்சியில் புராண வீரர் எர்குலெஸும் (ஹெர்குலிஸ்) ஜூலியஸ் சீஸரும் நிற்கிறார்கள். அந்தத் தூண்கள் வேறொரு தெருவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் கூட்டாளிகளான மூன்று தூண்கள் மார்மோலெஸ் என்ற சின்னத் தெருவில், வீடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில், தெரு மட்டத்துக்குக் கீழே கால் ஊன்றி இன்றும் நிற்கின்றன. கம்பி வேலிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை. அலமேதாவுக்குக் கிழக்கே போகும் ஃபெரியா வீதியில் வியாழக்கிழமை காலையில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நடப்பதாகச் சொல்லப்படும் அந்தச் சந்தையில் உடைந்த ஓடுகளும் பழைய சாவிகளும் கைவிசிறிகளும் யாருடைய குடும்பப் படங்கள் என்றே தெரியாத புகைப்படங்களும் தரையில் துணி விரித்துப் பரப்பிக் கிடக்கும். இன்னும் வடக்கே போனால் மக்கரேனா; முஸ்லிம் ஆட்சிக் காலத்து மதிலின் நீண்ட துண்டு ஒன்று அங்கே அப்படியே நிற்கிறது. வாடகை குறைவு, பயணிகள் குறைவு, தேவாலயத்துக்கு அரை மணி நடை. குளிர்காலத்தில் போவதானால் மக்கரேனா மிகவும் நல்ல தேர்வு. கோடைப் பிற்பகலில் அந்த அரை மணி நீளமானது.

என் தேர்வு த்ரியானா. அதற்கான காரணங்களை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

த்ரியானாவை நகரத்தோடு இணைக்கும் இரும்புப் பாலம் 1852இல் திறக்கப்பட்டது. அதற்கு முன், பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல், படகுகளை வரிசையாகச் சங்கிலியால் பிணைத்து மேலே பலகை போட்ட மிதவைப் பாலம்தான். நிலையான பாலம் இல்லாத ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஒரு கரையைத் தனி ஊராகவே வளர்த்துவிடும். மாலுமிகளும் குயவர்களும் ஹித்தானோக்கள் எனப்படும் ரோமானி மக்களும் வாழ்ந்த கரை அது. இன்றும் வயதானவர்கள் பாலத்தைத் தாண்டிப் போவதைச் செவில்யாவுக்குப் போகிறேன் என்றே சொல்கிறார்கள். பாலத்தில் கால் வைத்து ஐந்து நிமிடத்தில் எதிர்க்கரை. தேவாலயத்துக்கு இருபது நிமிடம். பிற்பகல் ஒன்றரைக்கு அரண்மனையிலிருந்து கிளம்பினால், இரண்டு மணிக்குள் அறைக்கு வந்துவிடலாம், வழியில் சாப்பாட்டுக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டு.

பாலத்தின் மேற்கு முனையில் சந்தை. காய்கறிக் கடைக்கும் மீன் கடைக்கும் கீழே சான் ஹோர்ஹே கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. 1481இலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை, கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து விலகியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த மதவிசாரணை மன்றம் தன் அலுவலகத்தையும் சிறையையும் வைத்திருந்த இடம். இப்போது அதைச் சிறு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இறங்கினால் கைதிகளை அடைத்த அறைகளின் சுவர்கள், மறுபக்கம் ஏறினால் ஒலிவக் காய் ஊறுகாய்த் தொட்டிகள். சந்தையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் குறுகலான சந்துக்கு மதவிசாரணைச் சந்து என்றே பெயர் விட்டுவைத்திருக்கிறார்கள்.

குயவர்கள் ஆற்றுப் படுகையின் களிமண்ணை நம்பி அங்கே குடியேறியவர்கள். நகரெங்கும் பெஞ்சுகளிலும் படிக்கட்டுகளிலும் தெருப்பெயர்ப் பலகைகளிலும் மின்னும் அசுலேஹோ ஓடுகளில் பெரும்பகுதி த்ரியானாவின் சூளைகளில் சுட்டவை. பழைய தொழிற்சாலை ஒன்றை 2014இல் மட்பாண்ட அருங்காட்சியகமாக மாற்றியபோது அதன் சூளைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் செங்கல் உட்சுவர் கருகி, உருகிய கண்ணாடிப் பூச்சு படிந்து பளபளக்கும். ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் ஓடாமல் இருக்க, ஆளிவிதை எண்ணெயையும் மாங்கனீசு ஆக்சைடையும் குழைத்துக் கோடிழுத்து எல்லை கட்டுகிற முறை ஒன்று உண்டு. சுட்ட பிறகு அந்தக் கோடு கறுப்பாக நிற்கும். விரலால் தடவினால் வண்ணங்கள் மேடாகவும் கோடு பள்ளமாகவும் தட்டுப்படும். கடையில் ஓடு வாங்கும்போது இப்படித் தடவிப் பாருங்கள். அச்சடித்த ஓடு வழவழவென்று சமமாக இருக்கும்.

பாட்டும் ஆட்டமும் கைத்தாளமும் சேர்ந்த ஃப்ளமெங்கோவைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. அந்தக் கலை வளர்ந்த இடங்களில் ஒன்று த்ரியானாவின் பொதுமுற்றக் குடியிருப்புகள். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்திருபது குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். 1950களிலும் 60களிலும் நிலத்தின் விலை ஏறியபோது அங்கிருந்த ஹித்தானோக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. பலர் கடைசியில் நகரின் தென்விளிம்பில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குடியிருப்புகள் இன்று நாட்டின் மிக வறிய பகுதிகளில் ஒன்று. த்ரியானாவின் மேடைகளில் பயணிகளுக்காக ஆடுவதைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம். ஒலிபெருக்கி இல்லாத, நூறு பேருக்குள் அமரும் சிறிய அரங்கையே தேர்ந்தெடுங்கள். உணவோடு சேர்த்து விற்கும் நிகழ்ச்சியைத் தவிருங்கள். பாடகரை முதலில் கவனியுங்கள், ஆட்டத்தைப் பிறகு பார்க்கலாம். தாளத்துக்குக் கை தட்டத் தோன்றும், தட்ட வேண்டாம். பன்னிரண்டு மாத்திரைச் சுற்றில் உள்ளங்கையைக் குழித்தும் விரித்தும் தட்டுவது அங்கே தனி வித்தை, அதற்கென்றே மேடையில் ஆள் இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட ஆண்டுகளில் இலையுதிர்காலத்தில் நடக்கும் ஃப்ளமெங்கோ விழாவின்போது போக வாய்த்தால், பெரிய கலைஞர்களையே காணலாம்.

ஜூலை கடைசியில் புனித அன்னாளின் பெயரால் த்ரியானாவில் ஒரு வாரத் திருவிழா. ஆற்றில் நிறுத்திய படகிலிருந்து நீளமான மரம் ஒன்றைக் கிடைவாக நீர்மேல் நீட்டி, அதில் கொழுப்பைத் தடவி, முனையில் ஒரு கொடியைச் செருகிவிடுவார்கள். நம்மூர் வழுக்குமரத்தைப் படுக்க வைத்தால் எப்படியோ அப்படி. பையன்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து, நாலு எட்டு வைத்து, வழுக்கி, கொடியை எட்டிப் பிடிக்க முயன்று நீரில் விழுவார்கள். கரை முழுதும் கூச்சல். செவில்யாவை ஜூலையில் பார்க்க ஒரே நல்ல காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி அக்கரையில் பார்க்க வேண்டியவை. அல்காசர் அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காமல், ஒரு காலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்காசரின் நடுநாயகமான பகுதியை 1360களில் கட்டியவர் கிறிஸ்தவ அரசர் முதலாம் பேத்ரோ. ஆனால் முகப்பில் அரபு எழுத்தில், இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை என்ற கிரனாதா சுல்தான்களின் முத்திரை வாசகம் பொறித்திருக்கிறது. சுல்தானோடு நட்பாயிருந்த அரசர் அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக்கொண்டார். எதிரிகளின் மதம், நண்பர்களின் கலை என்றெல்லாம் பிரித்துப் பார்க்கும் இன்றைய கணக்கு அந்தச் சுவரில் செல்லாது. கன்னியர் முற்றத்தில் தாழ்ந்து கிடக்கும் தோட்டம் நூற்றாண்டுகளாகப் பளிங்குத் தளத்தின் கீழ் புதைந்திருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. மரங்களின் தலை நம் கால்மட்டத்துக்கு வரும்படி அமைத்த அந்தத் தோட்டத்தைக் கடந்து வரும் காற்று குளிர்ந்தே வருகிறது.

தேவாலயம் கோதிக் பாணியில் உலகிலேயே பெரியது என்ற பட்டத்தைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதன் அளவில் மலைத்துத் திரும்புகிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் ஓரத்தில் நிற்கும் ஹிரால்டா கோபுரம்தான். 1198இல் பள்ளிவாசலின் மினாராக நிறைவடைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மேலே மணிக்கூண்டை ஏற்றினார்கள். உள்ளே ஏறுவதற்குப் படிகள் இல்லை, 35 சரிவுப் பாதைகள்தான், தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே ஏறிப்போக வசதியாக அமைத்ததாகச் சொல்வார்கள். முட்டி வலி உள்ளவர்களும் நிதானமாக ஏறிவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சன்னல், ஒவ்வொரு சன்னலிலும் நகரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மேலே மணிகளுக்குக் கீழே நிற்கும்போது மணி அடிக்கும் நேரமா என்று பார்த்துக்கொள்வது காதுக்கு நல்லது.

இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலோர் நுழையாமல் கடந்துவிடும் ஒரு கட்டடம் இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம். அமெரிக்காவைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள். அமெரிக்க வணிகம் அனைத்தும் செவில்யா வழியாகவே நடக்க வேண்டும் என்று 1503இல் தொடங்கிய ஏகபோகம் 1717இல் காதிஸ் துறைமுகத்துக்கு மாறும்வரை நீடித்தது. அந்தப் பேரரசின் கணக்கேடுகளும் கடிதங்களும் வரைபடங்களுமாக ஏறத்தாழ எட்டுக் கோடிப் பக்கங்கள் இதில் இருக்கின்றன. மகெல்லனின் பயணம் 1519 ஆகஸ்டில் புறப்பட்டது இந்த ஊரின் கரையிலிருந்துதான்; 1522 செப்டம்பர் 8 அன்று உலகைச் சுற்றித் திரும்பிவந்த ஒரே கப்பலில் 18 பேரும், வயிறு நிறையக் கிராம்பும் இருந்தன. மிளகாயையும் தக்காளியையும் பழைய உலகத்துக்குக் கொண்டுவந்த கடல்வழியின் ஏடுகள் இங்கே இருக்கின்றன என்பதால், சாம்பார் வைக்கிற எவரும் அந்தப் பளிங்குப் படிகளில் சற்று நேரம் நிற்க நியாயம் உண்டு. அனுமதி இலவசம்.

1929 கண்காட்சிக்காக அனிபல் கொன்சாலெஸ் வடிவமைத்த ப்ளாசா தே எஸ்பான்யாவுக்குக் காலை எட்டு மணிக்கோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள். அரைவட்டக் கட்டடத்தின் அடியில் ஸ்பெயினின் மாகாணங்களுக்கு ஒவ்வொன்றாக ஓடு பதித்த 48 இருக்கை மாடங்கள். உள்நாட்டுப் பயணிகள் தத்தம் மாகாணத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு.

சாப்பாட்டைப் பற்றி, குறிப்பாகச் சைவர்களுக்காக, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது; பன்றித் தொடைக்கறியான ஹமோனையும் சூரை மீனையும் அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பது அபூர்வம். சால்மொரேஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் ஹமோனும் முட்டையும் தூவியே வரும்; ‘சின் ஹமோன்’ என்று சொல்லிவிட வேண்டும். செவில்யாவின் சொந்த உணவான கீரையும் கொண்டைக்கடலையும் நமக்கு அறிமுகமான ருசி. எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும் பூண்டையும் சீரகத்தோடு இடித்து, கொஞ்சம் மிளகாய்த்தூளும் வினிகரும் சேர்த்து, சுண்டக் கிளறிய கீரையில் கடலையோடு போடுகிறார்கள். கத்தரிக்காய் வறுவலின் மேல் கரும்புப் பாகை ஊற்றித் தருவதும் நன்றாகவே இருக்கும். காலையில் ரொட்டியை வாட்டி, துருவிய தக்காளியைப் பரப்பி, ஒலிவ எண்ணெய் ஊற்றி, காப்பியோடு சாப்பிடுவது எல்லாருக்கும் வழக்கம். எண்ணெயை நாமே ஊற்றிக்கொள்ளலாம், கஞ்சத்தனம் வேண்டாம்.

மாலையில் ஒரே கடையில் உட்கார்ந்து வயிறு நிறைக்காதீர்கள். ஒரு கடையில் நின்றபடி ஒரு சிறு தட்டு, பிறகு அடுத்த கடை. 1670இலிருந்து நடப்பதாகப் பலகை வைத்திருக்கும் எல் ரின்கொன்சில்யோவில், பரிமாறுபவர் நாம் கேட்டவற்றின் விலையை நமக்கு முன்னால் மரப்பலகையின் மேலேயே சாக்கட்டியால் எழுதிக்கொண்டே போவார். கிளம்பும்போது தொகையைக் கூட்டிச் சொல்லி, காசை வாங்கிக்கொண்டு ஈரத்துணியால் ஒரே துடைப்பு. சான் லெயாந்த்ரோ மடத்தில் இனிப்பு வாங்குவது இன்னொரு வகை. சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டிக்கு முன்னால் நின்று மணியை அடித்தால், உள்ளிருந்து குரல் மட்டும் கேட்கும். பணத்தை வைத்துச் சுழற்றினால், முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த இனிப்புப் பெட்டி சுழன்று வரும். திராட்சை மதுவைத் தெளியவைக்க வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்ட மதுச்சாலைகள் மஞ்சள்கருவை மடங்களுக்குத் தந்ததால் பிறந்த பலகாரம் என்று அதற்குக் கதை சொல்வார்கள். முட்டை உண்ணாதவர்கள் சாந்தா பௌலா மடத்தின் ஆரஞ்சு மர்மலேட் வாங்கலாம். தெருவோர மரங்களில் காய்த்துத் தொங்கும் ஆரஞ்சுகளைப் பறித்துத் தின்ன ஆசைப்படாதீர்கள், அத்தனையும் கசப்பு.

அந்த மரங்கள் பூக்கும் மார்ச் மாதமே நகரின் மிக நல்ல மாதம். ஆனால் அதையடுத்து வரும் புனித வாரத்திலும், வழக்கமாக ஈஸ்டருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் ஏப்ரல் சந்தையிலும் அறை வாடகை பன்மடங்காகும். புனித வாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சகோதரத்துவ அமைப்புகள் தத்தம் ஆலயத்திலிருந்து சிலைகளை மேடையோடு சுமந்து தேவாலயத்துக்குப் போய்த் திரும்புகின்றன. தெருக்கள் மணிக்கணக்கில் அடைபடும். அறை பக்கத்தில் இருந்தாலும் போய்ச்சேர வழி இருக்காது. ஆகவே அந்த வாரம் போகிறவர்கள் ஊர்வலப் பாதையில் தங்குகிறார்களா, அதற்கு வெளியே தங்குகிறார்களா என்பதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். 1847இல் கால்நடைச் சந்தையாகத் தொடங்கிய ஏப்ரல் விழாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள், பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தம். அழைப்பு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. உள்ளூரில் தெரிந்தவர் இல்லையென்றால், மாநகராட்சி நடத்தும் சில பொதுக் கூடாரங்களோடு திருப்தி அடைய வேண்டியதுதான். கூட்டம் வேண்டாம், விழாவும் வேண்டாம் என்பவர்களுக்கு நவம்பரும் பிப்ரவரியும் இருக்கின்றன: பகலில் மெல்லிய குளிர், பாதி வாடகை, வரிசையற்ற அரண்மனை. அப்போது பிற்பகல் அளவுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். ஒன்றே ஒன்று, வெயிலுக்காகக் கட்டிய பழைய வீடுகள் குளிர்காலத்தில் வெளியைவிட உள்ளே சில்லென்று இருக்கும். வெப்பமூட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இன்னொரு காலைப் பொழுது இருந்தால் இத்தாலிகாவுக்குப் போய்வரலாம். கி.மு. 206இல் ரோமானியர் நிறுவிய நகரம். பேரரசர் ட்ரேஜன் பிறந்த ஊர், ஹேட்ரியனின் குடும்ப ஊர். ப்ளாசா தே அர்மாஸ் நிலையத்திலிருந்து பேருந்து, ஒன்பது கிலோமீட்டர்தான். வட்டரங்கமும், பறவைகளையும் கோள்தெய்வங்களையும் காட்டும் தரைச் சித்திரங்களும் வெட்டவெளியில் கிடக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை. நிழல் அநேகமாக இல்லை என்பதால், கோடையில் வாயில் திறக்கும் நேரத்திலேயே போய், பன்னிரண்டு மணிக்குள் திரும்பும் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.